வேலை, ஊதியம், சான்று: ஆதிச்சநல்லூர் முதல் தூத்துக்குடித் துறைமுகம் வரை தொழில் பழகுதலின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

வேலை செய்துகொண்டே ஊதியம் பெறுதல், அவ்வேலையின் வழியாகவே பயிற்சி பெறுதல், பயிற்சியின் முடிவில் பிறர் ஏற்கத்தக்க சான்று பெறுதல் ஆகிய மூன்று கூறுகளின் இணைப்பே தொழில் பழகுதல் ஆகும். தாமிரபரணி ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் தூத்துக்குடிக் கடற்கரையிலும் இக்கூறுகள் வெவ்வேறு காலங்களில் எவ்வாறு இணைந்தும் பிரிந்தும் இயங்கின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. முத்துக்குளிப்பில் வேலையும் ஊதியமும் பயிற்சியும் இணைந்திருந்தன, சான்று இல்லை. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் பயிற்சிக்குச் சான்று வழங்கியது. ஆயின் பழகுநரைத் தொழிலாளர் என்னும் நிலையிலிருந்து விலக்கியது. இவ்விரண்டுக்கும் இடையே 1906இல் தோன்றிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் நோக்கங்கள் வேலையையும் தொழிற்கல்வியையும் ஒரே நிறுவனத்திற்குள் இணைக்க முயன்றன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தொழில் பழகுநர், முத்துக்குளிப்பு, சங்குகுளித்தல், ஆதிச்சநல்லூர், கொற்கை, சுதேசிக் கப்பல் நிறுவனம், 1961ஆம் ஆண்டுச் சட்டம்.

முன்னுரை

தொழிற்கல்வி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கல்வி நிறுவனங்களின் தோற்றத்திலிருந்து தொடங்குகின்றன. தொழிற்பயிற்சி நிலையம், பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் என்ற வரிசையில் வரலாறு எழுதப்படும்போது, நிறுவனத்திற்கு வெளியே தொழில் கற்றோர் பயிற்சி பெறாதவர்களாகவே கணக்கிடப்படுகின்றனர். நெய்தல் நிலத் தொழில்களைப் பொறுத்தவரை இக்கணக்கு பெரும் பிழைக்கு இட்டுச்செல்லும். பல நூற்றாண்டுகளாகக் கடலடியில் சிப்பியெடுத்தவர்கள் எந்தப் பள்ளியிலும் அதனைக் கற்கவில்லை. எனினும் அவர்கள் பயிற்சியற்றவர்கள் அல்லர்.

ஆகவே ஒரு தொழிலில் பயிற்சி இருந்ததா என்று மட்டும் வினவுவது போதாது. பழகும் காலத்தில் அவருக்கு ஊதியம் கிடைத்ததா, அவர் பெற்ற திறனை யார் அறிந்தேற்றனர், அந்த ஏற்பு அவர் ஊரைக் கடந்து செல்லுபடியானதா என்ற மூன்று வினாக்களையும் சேர்த்தே எழுப்ப வேண்டும். இம்மூன்று வினாக்களின் துணைகொண்டு தூத்துக்குடி மாவட்டத்தின் தொழில் வரலாற்றுச் சான்றுகள் இங்கு நோக்கப்படுகின்றன.

1. ஆதிச்சநல்லூரும் கொற்கையும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் அமைந்துள்ளது. 1876இல் ஜெர்மானியரான யாகோர் இங்கு அகழ்ந்தார். பின்னர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் விரிவான அகழாய்வை மேற்கொண்டார். இந்தியத் தொல்லியல் துறை 2004, 2005ஆம் ஆண்டுகளில் மீண்டும் அகழ்ந்தது. அந்த அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் கரிமப் பகுப்பாய்வு பொ.ஆ.மு. 905, பொ.ஆ.மு. 696 ஆகிய காலங்களைச் சுட்டியது.

முதுமக்கள் தாழிகள், இரும்புக் கருவிகள், வெண்கலப் பொருள்கள், பொன்னாலான நெற்றிப்பட்டங்கள் ஆகியன இங்குக் கிடைத்தவற்றுள் முதன்மையானவை. ஆளுயரத்தை நெருங்கும் தாழியை வெடிப்பின்றிச் சுட்டெடுப்பதும், வெண்கலத்தை விலங்கு, பறவை உருவங்களோடு வார்ப்பதும் சில நாள்களில் கைவரும் வேலைகள் அல்ல. மண்ணின் பதம், சூளையின் சூடு, உலோகக் கலவையின் அளவு ஆகியவற்றைக் கண்ணாலும் கையாலும் அறியும் திறன், அறிந்தவர் அருகிலிருந்து நெடுங்காலம் பழகிய பின்னரே வாய்க்கும். எனவே ஆதிச்சநல்லூரின் பொருள்கள் தம்மளவிலேயே ஒரு பயிற்று மரபின் சான்றுகள் எனலாம்.

எனினும் திறனின் இருப்பைக் கொண்டு உழைப்பின் நிலையை முடிவு செய்துவிட இயலாது என்பதைக் கொற்கை உணர்த்துகிறது. தாமிரபரணியின் முகத்துவாரத்தை ஒட்டிப் பாண்டியர் துறைமுகமாக விளங்கிய கொற்கையைப் பொது ஆண்டு முதல் நூற்றாண்டைச் சார்ந்த எரித்திரியக் கடற்பயணக் குறிப்பு ‘கொல்கி’ என்று சுட்டுகிறது. அங்கு முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்பதும் அக்குறிப்பில் இடம்பெறும் செய்தியாகும். அயல்நாட்டு வணிகர் ஒருவரின் இக்கூற்றை முழுக் கடற்கரைக்கும் பொதுவாக்குதல் பொருந்தாது. ஆயினும் உயர்ந்த திறனை வேண்டும் வேலை கட்டாய உழைப்பாகவும் இருந்திருக்கக்கூடும் என்பதை அது நினைவூட்டுகிறது. திறன், ஊதியம், மதிப்பு ஆகிய மூன்றும் இயல்பாகவே ஒன்றுசேர்ந்து வருவன அல்ல.

2. முத்துச்சலாபமும் சங்குகுளித்தலும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரையைக் குறித்து எழுதிய மார்க்கோ போலோ, குளித்தெடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறா முதலிய மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் அளிக்கப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் கடல்கட்டி எனப்பட்டோரின் முன்னோடிகளாக இவர்களைக் கருதலாம். உழைப்புக்கான ஈடு நாட்கூலியாக அன்றிப் பங்காக அமைந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

பங்குமுறை பிரித்தானியர் காலத்திலும் நீடித்தது. ஆனால் விகிதம் மாறியது. கரை சேர்ந்த சிப்பிகள் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்பட்டு, இரண்டு அரசுக்கும் ஒன்று குளிப்போருக்கும் உரியனவாயின. அரசின் பங்கு ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டது. குளிப்போர் தம் பங்கைத் தாமே விற்றுக்கொண்டனர்.

கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றி ஒருவர் கடலடிக்கு இறங்குவார். படகில் இருப்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து வரும் அசைவை உணர்ந்து உரிய நொடியில் மேலிழுக்க வேண்டியது அவர் பொறுப்பு. குளிப்பவர் நீரடியில் இருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடமே. அந்த நேரத்துக்குள் பாரின் தரை, நீரோட்டம், சிப்பியின் செறிவு ஆகியவற்றை அறிந்து பையை நிரப்ப வேண்டும். ஒருவர் உயிர் மற்றொருவர் கவனத்தில் தங்கியிருந்த இவ்வேலையில் கயிறு பிடித்தல் வெறும் துணைப்பணி அன்று. குளிப்பின் ஒழுங்கைக் கவனித்து அறிவதற்கு அதனினும் சிறந்த இடம் படகில் இல்லை.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடைபெறும் தொழில் அன்று என்பது பயிற்சி வரலாற்றில் ஒரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளின் முத்தை மதிப்பிட்டு, பயன் உண்டு எனக் கண்ட பின்னரே அரசு சலாபத்தை அறிவிக்கும். தூத்துக்குடியில் 1862ஆம் ஆண்டுச் சலாபத்திற்குப் பின்னர் அடுத்த சலாபம் 1889இல்தான் நடைபெற்றது. இருபத்தேழு ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைக் காலம். 1862இல் இளைஞராகக் குளித்தவர் 1889இல் முதுமையை நெருங்கியிருப்பார். அப்படியாயின் 1889இல் குளித்த இளைஞர்கள் எங்குப் பழகினர்?

இதற்கான விடையைச் சங்குகுளித்தலில் காணலாம். வங்காளத்து வளையல் தொழிலுக்குத் தேவைப்பட்ட சங்கு, மன்னார் வளைகுடாவிலிருந்து முறையாக எடுக்கப்பட்டு வந்தது. அது அரசின் தனியுரிமையாக இருந்தது. எடுத்த சங்கின் எண்ணிக்கைக்கேற்பக் குளிப்போருக்குப் பணம் அளிக்கப்பட்டது. குறித்த அளவிற்குச் சிறிய சங்குகள் மீண்டும் கடலில் விடப்பட்டன. மூச்சடக்குதல், கடலடித் தரையை அறிதல், எதை எடுப்பது எதை விடுப்பது எனத் தெரிதல் ஆகிய அனைத்தும் இத்தொழிலில் தேவைப்பட்டன. முத்துச்சலாபம் இல்லாத நெடிய இடைவெளிகளில் சங்குகுளித்தலே குளிப்போரின் திறனைக் காத்து அடுத்த தலைமுறைக்குக் கையளித்தது எனக் கருத இடமுண்டு. பழகும் நாளிலேயே எடுத்த சங்குக்குப் பணம் கிடைத்தமையால், வேலையும் ஊதியமும் பயிற்சியும் இங்குப் பிரிவின்றி இருந்தன.

சான்று என்னும் மூன்றாம் கூறு மட்டும் எழுத்து வடிவம் பெறவில்லை. இன்னார் தேர்ந்த குளிப்பாளர் என்பதைச் சம்மாட்டியும் உடன்குளிப்போரும் அறிந்திருந்தனர். பரதவர் சமூகத்தின் சாதித்தலைவர் வழியாக அரசு படகுகளையும் ஆட்களையும் திரட்டியபோது, ஏற்பு என்பது சமூகத்தின் வழியே கிடைப்பதாக இருந்தது. இவ்வேற்பு கடற்கரைக்குள் வலுவுடையது. கடற்கரைக்கு வெளியே எந்த அலுவலகத்திலும் செல்லுபடியாகாதது. ஒருவரின் திறன் பிறப்பு, உறவு ஆகியவற்றோடு பிணைந்தே அறியப்பட்டது என்பது இம்முறையின் மற்றொரு குறையாகும்.

3. 1850ஆம் ஆண்டுச் சட்டம்

குளிப்போர் இவ்வாறு தமக்குள் தொழில் பழகிவந்த காலத்திலேயே, அரசு தொழில் பழகுதலைச் சட்டத்தின் வழியாக வரையறுக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுக் கைவினைஞர் சட்டம் ஏழாண்டுப் பழகுதலைக் கட்டாயமாக்கியது; 1814இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின்போது 1850ஆம் ஆண்டின் பத்தொன்பதாம் சட்டம் இயற்றப்பட்டது. 10 முதல் 18 வயதிற்குட்பட்ட சிறுவர்களை, குறிப்பாக அறநிலையங்களில் வளரும் அநாதைகளையும் வறியோரையும், ஏழாண்டுகளுக்கு மிகாமல் ஒரு தொழில் வல்லுநரிடம் ஒப்பந்தத்தின்பேரில் சேர்ப்பதற்கு இச்சட்டம் வழிசெய்தது.

இச்சட்டத்தின் நோக்கம் தொழில்துறையின் தேவையைவிட வறுமை மேலாண்மையையே சார்ந்திருந்தது. ஆதரவற்ற சிறுவர் பிழைப்புக்கு ஒரு தொழிலைக் கற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பொதுத் தேர்வோ, நாடு முழுதும் ஏற்கப்படும் தகுதிச் சான்றோ அதில் இடம்பெறவில்லை. தொழில் பழகுதல் என்பது வறியோருக்குரிய ஏற்பாடு, கல்வி என்பது பிறருக்குரியது என்னும் பாகுபாடு சட்ட வடிவம் பெற்றதை இங்குக் காண்கிறோம். இச்சட்டம் 1961ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நீக்கப்படாமல் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

4. சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் பயிற்சி நோக்கம்

தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் 1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. பத்து லட்சம் ரூபாய் மூலதனம் 25 ரூபாய்ப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். தூத்துக்குடி – கொழும்பு வழித்தடத்தில் பிரித்தானிய இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துடன் போட்டியிட்ட வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. ஆனால் அந்நிறுவனத்தின் நோக்கங்களில் இடம்பெற்ற பயிற்சித் திட்டம் போதிய கவனம் பெறவில்லை.

பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்வது மட்டும் அந்நிறுவனத்தின் நோக்கமாகக் குறிக்கப்படவில்லை. இந்தியர், இலங்கையர், பிற ஆசிய நாட்டினர் ஆகியோரை வேலைக்கு அமர்த்துவதும், அவர்களுக்குக் கப்பலோட்டும் கலையிலும் கப்பல் கட்டும் தொழிலிலும் பயிற்சி அளிப்பதும், அதற்கான கல்விக்கூடங்களை நிறுவுவதும் நோக்கங்களாகச் சேர்க்கப்பட்டிருந்தன. வேலைக்கு அமர்த்துதலும் பயிற்றுதலும் ஒரே நிறுவனத்தின் பொறுப்புகளாக இங்கு இணைக்கப்பட்டமை நோக்கத்தக்கது.

அக்காலச் சூழலில் இதன் பொருள் ஆழமானது. நீராவிக் கப்பல்களில் இந்தியர் லஸ்கர்களாகப் பெருந்தொகையில் பணிபுரிந்தனர். கப்பலைச் செலுத்தும் அதிகாரிகள் பெரும்பாலும் ஐரோப்பியராகவே இருந்தனர். இவ்விரு நிலைகளையும் பிரித்தது கடலறிவின் குறைவு அன்று. தகுதிச் சான்று பெறுவதற்கான பயிற்சி வாயில்கள் இந்தியருக்குத் திறந்திருக்கவில்லை என்பதேயாகும். தோணிகளைக் கொழும்புக்குச் செலுத்திய தண்டல்கள் நிறைந்த துறைமுகத்தில், கப்பலோட்டக் கற்பிக்கும் கல்விக்கூடம் வேண்டும் என்ற நோக்கம் எழுந்ததை இப்பின்புலத்தில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

ஊதியம் குறித்த வினாவும் அவ்வியக்கத்திற்கு அயலானது அன்று. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கோரி வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் துணைநின்றனர். அவ்வாண்டு மார்ச்சு 12ஆம் நாள் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. கப்பல்களோடு பயிற்சித் திட்டமும் மறைந்தது.

இந்தியரை வணிகக் கப்பல் அதிகாரிகளாகப் பயிற்றும் முறையான ஏற்பாடு 1927இல் பம்பாயில் டஃபரின் பயிற்சிக் கப்பல் வாயிலாகவே நடைமுறைக்கு வந்தது. சுதேசி நிறுவனத்தின் நோக்கத்திற்கும் அதற்கும் இடையே இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. பயிற்சியின் இடம் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து தொலைவுக்குச் சென்றுவிட்டது.

5. 1961ஆம் ஆண்டுச் சட்டமும் துறைமுகத் தொழில்களும்

விடுதலைக்குப் பின்னர் 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. 1956இல் தேசிய அளவிலான தொழிற்பயிற்சிக் குழு அமைக்கப்பட்டது. இவற்றின் தொடர்ச்சியாகவே தொழில் பழகுநர் சட்டம், 1961 இயற்றப்பட்டு 1962 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீசியன் போன்ற தொழிற்பிரிவுகளைக் கருத்தில் கொண்ட இச்சட்டம், 1973இல் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரர்களையும், 1986இல் மேல்நிலைத் தொழிற்கல்வி முடித்தோரையும், 2014இல் பொறியியல் சாராத பட்டதாரிகளையும் உள்ளடக்கி விரிந்தது.

இச்சட்டத்தின்படி முதலாளிக்கும் பழகுநருக்கும் ஒப்பந்தம் பதிவு செய்யப்படுகிறது. அடிப்படைப் பயிற்சி, பணியிடப் பயிற்சி, அதற்குரிய பாடக்கல்வி ஆகியன அளிக்கப்படுகின்றன. மாதந்தோறும் உதவித்தொகை வழங்கப்படுகிறது. தொழிற்பிரிவுப் பழகுநருக்கு இறுதியில் தேர்வும் தேசியத் தொழில் பழகுநர் சான்றிதழும் உண்டு. 2019ஆம் ஆண்டு விதித்திருத்தம் குறைந்த அளவு உதவித்தொகையைக் கல்வித்தகுதிக்கேற்ப மாதம் 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை வரையறுத்தது; முப்பதும் அதற்கு மேலும் பணியாளரைக் கொண்ட நிறுவனங்கள் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரைச் சேர்க்க வேண்டும் என்றது.

சட்டம் வந்த காலமும் தூத்துக்குடி தொழில் நகரமாக மாறிய காலமும் பெரிதும் ஒன்றே. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து கனநீர் ஆலையும் அனல் மின்நிலையமும் இயங்கத் தொடங்கின. இத்தகைய நிறுவனங்களின் பணிமனைகளே சட்டம் கருதிய பயிற்சிக்களங்கள். கடற்கரைச் சிற்றூர் இளைஞர் ஒருவருக்கு, தம் குலத்தொழிலுக்கு வெளியே, உறவுமுறையைச் சாராத சான்று ஒன்றைப் பெறும் வாய்ப்பை இச்சட்டம் முதன்முறையாகப் பரவலாக்கியது. அதன் சமூகப் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது.

ஆயினும் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்றும், தொழிலாளர் குறித்த சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்றும் கூறுகிறது. உடல்நலம், பாதுகாப்பு, நலவாழ்வு தொடர்பான தொழிற்சாலைச் சட்ட விதிகளும் விபத்து இழப்பீடும் இதற்கு விலக்கு. பயிற்சி முடிந்தபின் வேலை வழங்கும் கடமை முதலாளிக்கு இல்லை என 22ஆம் பிரிவு வகுத்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் பழகுநரை வேலைக்கு எடுப்பதற்கான கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் தானே வகுத்துக்கொள்ளுமாறு விட்டது. உத்தரப்பிரதேச மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், பிற தகுதிகள் சமமாக இருக்கையில் பயிற்சி முடித்த பழகுநருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று தெரிவித்தது. அம்முன்னுரிமை வேலைக்கான உரிமையாக வளரவில்லை.

ஜெர்மனியின் 1969ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டத்தோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாடு தெளிவாகும். அங்கும் பணியிடப் பயிற்சியும் பள்ளிக் கல்வியும் இணைந்துள்ளன. ஆனால் சிறப்பு விதி இல்லாத இடங்களில், வேலை ஒப்பந்தத்திற்குரிய சட்டங்களும் நெறிகளும் பயிற்சி ஒப்பந்தத்திற்கும் பொருந்தும். பழகுநர் உழைப்பவராகவும் கற்பவராகவும் ஒருசேரக் கருதப்படுகிறார். இந்தியச் சட்டமோ கற்பவர் என்ற நிலையை அளிக்கும்போதே உழைப்பவர் என்ற நிலையை நீக்கிவிடுகிறது.

6. சான்று பெறாத திறன்கள்

சட்டம் நடைமுறைக்கு வந்த காலத்தில்தான் தூத்துக்குடியின் முத்துச்சலாபம் முடிவுக்கு வந்தது. 1955 முதல் 1961 வரை நடைபெற்ற சலாபங்களே இறுதியானவை. 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி ஆய்வுப் பணியில் கே.அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கினார். 1981இல் சிப்பிக்குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்யும் முறையும் கைகூடியது. 1977இல் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி தோன்றியது. முத்து பற்றிய அறிவு பாரிலிருந்து ஆய்வகத்திற்கு இடம்பெயர்ந்தது. அதற்கு உரியோர் பட்டம் பெற்றவர்கள் ஆயினர்.

இது அறிவியல் வளர்ச்சியின் இயல்பான போக்கு. எனினும் குளிப்போரின் அறிவு இவ்வளர்ச்சியில் தகுதியாகக் கணக்கிடப்படவில்லை என்பது ஓர் இழப்பாகும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடித்தளம் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம். நிலையான முதலாளி, பணியிடம், மாதக்கணக்கு ஆகியன அதற்கு வேண்டும். பங்கூதியத்தில் இயங்கும் படகும், பருவத்தைச் சார்ந்த குளிப்பும் அச்சட்டகத்திற்குள் பொருந்துவதில்லை. இதனால் இக்கடற்கரையின் மிகப் பழமையான பயிற்று மரபு, சட்டத்தின் பார்வையில் பயிற்சியே அன்று என்றாயிற்று. பிரதமர் திறன் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் 2015 முதல் நடைமுறையிலுள்ள முன்கற்றல் ஏற்பு முறை, பள்ளிக்கு வெளியே பெற்ற திறனுக்கும் சான்று வழங்கலாம் என்னும் கொள்கையை ஏற்றுள்ளது. அக்கொள்கை கடல்சார் மரபுத் திறன்களை எட்டும்போதுதான் இவ்விடைவெளி குறையும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, தூத்துக்குடிக் கடற்கரையில் வேலையின் வழியே பயிற்சி பெறுதல் சட்டங்களால் தோற்றுவிக்கப்பட்டது அன்று. சங்குகுளித்தலும் முத்துக்குளிப்பும் இணைந்து இயங்கிய விதத்தில் ஊதியத்தோடு கூடிய பயிற்று மரபு ஒன்று நிலைபெற்றிருந்தது.

இரண்டாவதாக, அம்மரபின் குறை பயிற்சியில் இல்லை, ஏற்பில் இருந்தது. திறனுக்கான ஏற்பு சமூக எல்லையைக் கடக்கவில்லை. சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் பயிற்சி நோக்கம் இவ்வெல்லையைக் கடப்பதற்கான முயற்சியாக அமைந்தது.

மூன்றாவதாக, 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்பை நாடளாவியதாக்கியது. அதற்கு ஈடாகப் பழகுநரின் உழைப்பை உழைப்பு எனச் சட்டம் அழைக்க மறுத்தது. உதவித்தொகை என்னும் சொல்லே அம்மறுப்பின் அடையாளம். பங்கு பெற்ற குளிப்பாளருக்குச் சான்று இல்லை. சான்று பெறும் பழகுநருக்குத் தொழிலாளர் உரிமை இல்லை.

ஆதிச்சநல்லூரில் 2023இல் அகழாய்வுக் குழிகளின் மீது கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகள் கிடந்த இடத்திலேயே காட்சிப்படுத்தப்பட்டுள்ளன. அவற்றை வனைந்தோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் திறன் ஐயத்திற்கு இடமின்றித் தெரிகிறது. கடலடியில் சங்கெடுப்போரின் திறன் அத்தகைய பொருள் எதையும் விட்டுச்செல்வதில்லை. குளித்தெழுந்ததும் நீர் மூடிக்கொள்கிறது. அதனை அறிந்தோர் வாழும் காலத்திலேயே ஆவணப்படுத்துவதும், தகுதியாக ஏற்பதும், தொழிற்கல்வி ஆய்வும் தொழிலாளர் வரலாற்றாய்வும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும்.